பிரெய்ரி விதைப்பு: நவம்பரில் தூவலா, ஜூனில் ட்ரில்லா?

அமெரிக்காவின் விஸ்கான்சின், இல்லினாய், அயோவா பக்கம் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைந்த வயலைத் திரும்பப் பிரெய்ரிப் புல்வெளியாக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். சோயா அறுத்த தாள் மேல் நவம்பரில் விதையைத் தூவிவிட்டுக் குளிர்காலத்தின் பொறுப்பில் விடுவதா, மே கடைசியிலோ ஜூனிலோ உழாமலே விதைக்கும் ட்ரில் இயந்திரத்தை டிராக்டரில் பூட்டி வரிசையாகப் போடுவதா? நான் தேர்ந்தெடுத்தது நவம்பர்தான். அதனால் கீழே எழுதியிருப்பதில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும்.

நிலத் தயாரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. சோயாத் தாள் போல வசதியான படுக்கை வேறில்லை: சருகு குறைவு, களையும் ஓரளவு ஒழிந்திருக்கும். புரோம் என்ற அந்நியப் புல் மண்டிய பழைய மேய்ச்சல் நிலமென்றால் நேராக விதைக்கக் கூடாது. இரண்டு போகம் சோயா போட்டு வேரோடு ஒழித்த பிறகே விதையைத் தொடுங்கள். அட்ரசின் களைக்கொல்லி அடித்த மக்காச்சோள வயலிலும் இடையில் ஒரு சோயா போகம் வேண்டும். அந்த மருந்தின் எச்சம் பூச்செடி முளைகளைக் கருக்கிவிடும்.

ட்ரில்லின் நன்மைகள் தெரிந்தவைதான். விதை கால் அங்குல ஆழத்தில் மண்ணோடு ஒட்டி உட்காரும், எலியும் பறவையும் தின்பது குறைவு, விதைச் செலவும் குறைவு. சரிவான நிலத்தில் மழை விதையை அடித்துக்கொண்டு போகாது. ஆனால் சாதாரணக் கோதுமை ட்ரில் உதவாது. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற பிரெய்ரிப் புல் விதைகளின் மேல் இருக்கும் மயிர் குழாயை அடைத்துவிடும். பஞ்சு விதையைக் கிளறித் தள்ளும் தனிப்பெட்டி உள்ள ட்ரில்தான் வேண்டும். ஆழம் அரை அங்குலத்தைத் தாண்டினால் பொடி விதைகள் மேலே வராது.

இவை எல்லாம் இருந்தும் முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: புல்லுக்கும் பூச்செடிக்கும் நடக்கும் போட்டி. பிக் புளூஸ்டெம் வெப்பகாலப் புல். ஜூன் மாதச் சூட்டு மண்ணில் உடனே முளைத்துவிடும். ரேட்டில்ஸ்னேக் மாஸ்டர், கம்பாஸ் பிளான்ட், ஷூட்டிங் ஸ்டார் போன்ற பூச்செடிகள் அப்படியல்ல. ஈரக்குளிரில் ஒன்றிரண்டு மாதம் கிடந்தால்தான் அவற்றின் உறக்கம் கலையும். ஜூனில் போட்டால் பல விதைகள் அடுத்த வசந்தம் வரை தூங்கும். அதற்குள் புல் வேர் விட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர் விதைப்பில் பனியே அந்தக் குளிர்பதத்தைக் கொடுத்துவிடுகிறது. மண் உறைந்து இளகும்போது விழும் விரிசல்களில் விதையும் தானாக இறங்கும்.

பின்னால் பூச்செடி சேர்த்துக்கொள்ளலாம் என்பதை நம்ப வேண்டாம். ஆறடி உயரப் புல் அடர்ந்துவிட்டால் தீ வைத்து, மேல்விதை தூவி, ஒரு கோடை முழுக்கப் புல்லை வெட்டி வெட்டி அடக்க வேண்டும். அப்போதும் பாதி இனம்கூடத் தேறாமல் போகலாம். புல்லைப் பின்னால் சேர்ப்பதோ வெகு சுலபம்.

அதனால் விதைக் கணக்கைக் கறாராகப் பாருங்கள். சதுர அடிக்கு 50 விதை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22 லட்சம். பிக் புளூஸ்டெம் ஒரு பவுண்டில் சுமார் 1,65,000 விதை. ஏக்கருக்கு ஒரு பவுண்டு போட்டாலே சதுர அடிக்கு நாலு. அரைப் பவுண்டுக்கு மேல் வேண்டாம். குட்டையான லிட்டில் புளூஸ்டெம்மைக் கூட்டிக்கொள்ளலாம். தூவும்போது தின்று போவதற்கும் சேர்த்து மொத்த அளவில் கால்வாசி அதிகம் வையுங்கள். ஈர மரத்தூளில் கலந்து, பாதியை வடக்கு தெற்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவினால் திட்டுத்திட்டாக விழாது. மண் 50 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் வரை பொறுங்கள். முன்கூட்டிப் போட்டால் சில விதைகள் முளைத்துப் பனியில் சாகும்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கோடையில் ராக்வீட், ஃபாக்ஸ்டெய்ல் போன்ற களைகள் இடுப்பளவு நிற்கும், விதைத்தது ஒன்றும் கண்ணில் படாது. களை ஓரடி எட்டும் போதெல்லாம் ஆறங்குலத்துக்கு வெட்டுங்கள். மூன்று நாலு முறை வரும். வெட்டியதை நொறுக்கி உதிர்க்கும் ஃபிளெயில் மோவர் என்ற புல்வெட்டி நல்லது. சாதாரண ரோட்டரி குவித்துப் போடும் வெட்டுக்குவியலின் அடியில் நாற்று வெளிறி அழுகிவிடும். மூன்றாம் ஆண்டு வாக்கில் முதல் தீ. தீ இல்லாமல் பிரெய்ரி நிற்காது என்பதை விஸ்கான்சினின் மேடிசன் நகரில் மீட்டு உருவாக்கிய கர்ட்டிஸ் பிரெய்ரியில் 1940களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

நல்ல சரிவு, அல்லது வசந்த வெள்ளம் ஏறும் பள்ளம் என்றால் என் வாக்கும் ட்ரில்லுக்குத்தான். ஆனால் பூச்செடி விதையை மட்டும் ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போடுங்கள். வெறும் மணல் நிலத்தில் எது மேல் என்று அடித்துச் சொல்லும் அளவு எனக்குப் பழக்கமில்லை.

ஆங்காங்கே ஓக் மரம் நிற்கும் புல்வெளியாக, அதாவது ஓக் சவன்னாவாக்கும் எண்ணம் இருந்தால் பர் ஓக் மரத்தின் கொட்டைகளையும் இலையுதிர் காலத்திலேயே ஊன்றலாம். பொறுக்கியதும் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளுங்கள். பெரும்பாலும் வண்டு துளைத்தவை. உலரவிட்டால் உயிர் போய்விடும். ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே அணில் கிளறாதபடி கம்பிவலையை மண்ணில் குத்தி வையுங்கள். பக்கத்தில் உயரமான குச்சி ஒன்று அவசியம், இல்லாவிட்டால் ஜூலையில் மோவர் வலையோடு சேர்த்து அரைத்துவிடும்.