தெரு வாட்ஸ்அப் குரூப்: நாகையிலிருந்து ஒரு நெடுநாள் அட்மினின் அனுபவம்

நாகப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், ரயில் டிக்கெட், ஹால் டிக்கெட் என்று எதையாவது அனுப்பி "பிரின்ட் போட்டு வைங்க" என்பார்கள். அப்படிச் சேர்ந்ததில் தெருவின் எல்லா வீட்டு நம்பரும் என் போனில் கிடக்கிறது. 2018-லிருந்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மினாக இருப்பதற்கு வேறு தகுதி எதுவும் இல்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று தரப்பும் கலந்திருக்கும் தெரு. மத நல்லிணக்கத்துக்கு டிஜிட்டல் ஊடகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மேடையில் பேசுவார்களே, அது தெருவில் எப்படி ஓடுகிறது என்று இத்தனை நாள் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பித்தது நல்லிணக்கத்துக்காக இல்லை, பயத்தில்தான். அந்த வருடம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஒரு வதந்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த 65 வயது அம்மா ஒருவரை அந்தச் சந்தேகத்தில் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் ஜமாஅத்திலிருந்து ஒருவரும், கோவில் திருவிழாக் கமிட்டியிலிருந்து ஒருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். வருகிற செய்தி மெய்யா பொய்யா என்று கேட்டுக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்றார்கள். சர்ச் பக்கத்து டீச்சரையும் சேர்த்து நான்கு அட்மின்.

முதலில் எது வேலைக்கு ஆகவில்லை என்று சொல்லிவிடுகிறேன்: ஒற்றுமைப் படங்கள். எங்கள் ஊருக்கு அதில் பஞ்சமே கிடையாது. வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் சிங்காரவேலவர் முருகன் கோவில். மூன்றையும் ஒட்டி ஒரு படம், கீழே ஒரு கவிதை. தர்காவின் 131 அடி பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பது வருடா வருடம் தர்காவின் கந்தூரி விழாவுக்கு வந்துவிடும். உண்மைதான், பெருமைதான். ஆனால் அதற்குக் கும்பிடு போட்ட அதே ஆள், மறுநாள் விஷமான ஒரு வீடியோவையும் அனுப்புவார். இரண்டுமே அவருக்கு விரல் தட்டுகிற வேலை. குட்மார்னிங்கோடு சேர்த்து இதையும் தடை செய்தோம். சில பேருக்கு வருத்தம்.

வேலைக்கு ஆனது எது என்றால், காரியத் தகவல். கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வலம் நாகையிலிருந்து கிளம்பி விடியற்காலையில் நாகூர் போய்ச் சேரும். எத்தனை மணிக்கு எந்த வீதியில் வரும், வண்டியை எங்கே நிறுத்தலாம்? ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் எங்கே போடுவது? பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் கோவில் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்தவர் காலண்டர் தெருவுக்குப் பழகியது. கந்தூரி வருடத்துக்குப் பத்து பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் அது பிறைக் கணக்கு. பழைய நோட்டீஸை எடுத்துப் போட்டு எல்லோரையும் குழப்பிய ஒருவருக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதை விளக்கப்போய், அமாவாசை, திதி, அதிகமாசம் என்று கோவில் குருக்களும் வந்து சேர்ந்துகொண்டார். அன்று இரவு முழுக்க அதே பேச்சுதான்.

தகவலுக்குப் பிறகு கேள்வி வரும். ஐப்பசி சஷ்டி சமயத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன், "சிக்கல்ல வேல் வாங்கும்போது சாமிக்கு வேர்க்குமாமே, நிஜமா?" என்று கேட்டுவிட்டான். குரூப்பே அமைதியாகிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் எங்கள் தெருவின் மூத்த அம்மா ஒருவர் வாய்ஸ் நோட் போட்டார்: "பட்டுத்துணியால தொடைக்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன் தம்பி. நீயும் வந்து பாரு, பொங்கலும் வாங்கித் தரேன்." நம்புவதும் நம்பாததும் அவனவன் பாடு. கேட்டால் சண்டை வராது என்று தெரிந்துகொண்டதுதான் லாபம்.

சோதனை வந்தது 2020 ஏப்ரலில். கொரோனா நேரம். டெல்லியில் தப்லீக் ஜமாஅத் என்கிற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டால் நோய் பரவியது என்ற பேச்சுக்குப் பிறகு, பழத்தில் எச்சில் தடவுவதாக ஒரு வியாபாரியின் வீடியோ நாடெங்கும் ஓடியது. அது மத்தியப் பிரதேசம் ரைசேனில், பிப்ரவரியிலேயே எடுத்த பழைய வீடியோ. உண்மைச் சரிபார்ப்புத் தளத்தின் லிங்க்கைப் போட்டோம், யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் பாயிடம் நாலு வீடு வாங்குவதை நிறுத்தியிருந்தது. கடைசியில் அவரே வாய்ஸ் நோட்டில் பேசினார்: "வீடியோவுல இருக்கறவன் பழம் விக்கிறான், நான் கத்திரிக்கா விக்கிறேன். அவன எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. என்னைய இருவது வருசமாத் தெரியும்." மூன்று வீடு திரும்ப வந்தது. நாலாவது வீடு இன்றுவரை சூப்பர் மார்க்கெட்தான். வாய்ஸ் நோட்டுக்கு எல்லாம் மடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ரமலானுக்கு ரமலான் வரும் இன்னொரு வதந்தி, கோவில் பணத்தில் பள்ளிவாசலுக்கு அரிசி என்பது. நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி கொடுப்பது அரசு. 2020-ல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் என்று அறிவித்தார்கள், அதன் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. இதை ஜமாஅத்காரர் சொன்னால் எடுபடாது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கோவில் கணக்கு எழுதுகிறவர் சொல்வார்: அரிசி அரசாங்கக் கையிருப்பு, நம் உண்டியல் இல்லை, மானசரோவர் போகிறவர்களுக்கும் ஜெருசலேம் போகிறவர்களுக்கும்கூட அரசு மானியம் உண்டு என்று. யாரைப் பற்றிய வதந்தியோ, அவர் பதில் சொல்லக் கூடாது. அடுத்த தரப்பு ஆள் சொல்ல வேண்டும். குரூப்பில் எழுதப்படாத விதி இது.

வசதிகளில் எனக்குப் பிடித்தவை எல்லாம் வேகத்தைக் குறைப்பவை. 2018-ல் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தட்டில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்ட் ஆனதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றானது. அப்படிப் பலமுறை ஃபார்வர்ட் ஆகி இரட்டை அம்புக்குறி விழுந்த எதையும் எங்கள் குரூப்பில் போடக் கூடாது. அந்தக் குறி பொய் என்று சொல்வதில்லைதான், ஆனால் 'இது உன் சரக்கு இல்லை' என்றாவது சொல்கிறது. 2022-ல் அட்மினே மற்றவர் பதிவை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி வந்தபோது நிம்மதியாக இருந்தது. அதை நான் தனியாகச் செய்வதில்லை, இன்னொரு மத அட்மினும் சரி என்று சொல்ல வேண்டும். அட்மின் மட்டும் பேசும்படி பூட்டுவது பதற்றமான இரவுக்குச் சரி. காலையில் திறக்காவிட்டால் பேச்சு வேறு குரூப்புக்குப் போய்விடும், அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது.

குறைகளும் உண்டு. பெண்கள் குறைவாகத்தான் பேசுகிறார்கள். நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்கிற தயக்கம். அவர்கள் கேள்வி என் மனைவி வழியாக வந்து, என் பெயரில் குரூப்புக்குப் போகிறது. தேர்தல் சமயத்தில் குரூப்பை மூடி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்புறம், இருபது வயசுக்காரர்கள் இங்கே இல்லவே இல்லை, எல்லாம் ரீல்ஸில்தான். எங்கள் தெருப் பையன் ஒருவன் சந்தனக்கூடு வீடியோவுக்குக் குத்துப்பாட்டுப் போட்டுப் பதிவேற்றியது பெரியவர்களுக்குத் தெரியவே ரெண்டு நாள் ஆனது. அவன் இந்து வீட்டுப் பையன். கோபம் வரத்தான் செய்தது. ஹஜ்ரத் அவனைக் கூப்பிட்டு, பாட்டை எடுத்துவிட்டு நகரா மேளச் சத்தத்தைப் போடச் சொன்னார். போட்டான், முன்னதைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

அவனையே ஐந்தாவது அட்மினாகப் போட்டிருக்கிறோம். வந்ததும் அவன் வைத்த முதல் கோரிக்கை, வாய்ஸ் நோட் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. ஹஜ்ரத்தும் குருக்களும் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்து பேசியதே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவனை எதிர்க்கிறார்கள்.