கோபோ டூல்பாக்ஸ்: கணக்கு யார் பெயரில்?

களத்தில் கணக்கெடுப்பு நடத்துகிறவர்களிடம் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், பாதிப் பேர் கோபோ டூல்பாக்ஸ் என்பார்கள். கேள்விப் படிவம் தயாரித்து, போனில் பதில் சேகரிக்க உதவும் திறந்த மூல மென்பொருள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணிகளுக்கான ஆய்வுப் பிரிவில் உருவாகி, பேரிடர்க் களங்களில் வளர்ந்து, இப்போது தனி லாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. இணையம் இல்லாத இடத்திலும் ஓடுமா என்பார்கள். ஓடும். போனில் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, இணையம் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

நான் ஆய்வாளர் இல்லை. குடியிருப்போர் குழு ஒன்றில் கணக்கெடுப்பு வேலையை ஒருங்கிணைக்கிறவள். அதனால் இந்தச் செயலியால் பதில் சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

முதலில் பாராட்டு. படிவம் தயாரிக்கும் பக்கம் அவ்வளவு எளிமை. பெரிய திரையில் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தால், கேள்விகளை அங்கேயே மாற்றலாம், அங்கேயே தூக்கி எறியலாம். 'கழிவுநீர் மேலாண்மை குறித்த தங்கள் திருப்தி நிலை' என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "மூணுன்னு போட்டா என்னம்மா அர்த்தம்? லாரி வருமா, வராதா?" என்றார். கேள்வி அப்போதே போனது. அதன் இடத்தில் 'சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வீர்கள்?' என்பது வந்தது. யாரிடமாவது சொல்வதாகப் பதில் வந்தால் மட்டும் 'சொன்னால் எத்தனை நாளில் வருகிறார்கள்?' என்ற அடுத்த கேள்வி திறக்கும். இப்படிக் கேள்வியோடு கேள்வியைக் கோக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரே படிவத்தைப் பல மொழிகளில் வைத்துக்கொள்ளவும் முடியும். எக்செல் தாளில் மொழிக்கு ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான்.

அடுத்தது பகிர்வுப் பக்கம். என்னைப் பொறுத்தவரை இந்தச் செயலியின் தரம் இங்கேதான் தெரியும். படிவத்தை உருவாக்கிய கணக்குக்குத்தான் எல்லாம் சொந்தம். பதில்களைப் பார்க்க, திருத்த, அழிக்க யாருக்கு அனுமதி என்பதை அந்தக் கணக்கு தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகளால் தாங்கள் சேர்த்ததைக்கூட மொத்தமாகப் பார்க்க முடியாது. முன்பு ஒரு ஆய்வு நிறுவனம் எங்களிடம் வந்து, கட்டுக்கட்டாகக் காகிதங்களை நிரப்பிக்கொண்டு போனது. அறிக்கை வந்ததா, வந்தால் அதில் என்ன இருக்கிறது, இன்றுவரை தெரியாது. காகிதத்தில் நடந்தது போனிலும் தாராளமாக நடக்கலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹவசுபாய் மக்களின் வழக்கைப் பார்க்கலாம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் பழங்குடிகள். நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் திருமணம், அவர்களுடைய பூர்வீகம் பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது: 7 லட்சம் டாலர், மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்ப வந்தன. கனடாவின் முதல் குடிகள் எனப்படும் பழங்குடி மக்கள் 1998-லேயே தங்கள் தரவுக்கு நான்கு நிபந்தனைகள் வகுத்துவிட்டார்கள்: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். இந்த நான்கையும் கோபோவில் செய்ய வழி இருக்கிறது. திட்டத்தின் உரிமையை இன்னொரு கணக்குக்கு மாற்றலாம். வசதி உள்ளவர்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் இதில் எதையும் செயலி தானாகச் செய்துவிடாது. யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

சில வசதிகளைத் தொடவே வேண்டாம் என்பேன். பேட்டி முழுவதையும் பின்னணியில் ஒலிப்பதிவு செய்யும் வசதி ஒன்று உண்டு. எதிரில் இருப்பவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் அதைப் போடுவது அநியாயம். இருப்பிடம் பதிவதும் அப்படித்தான். வீட்டை இடித்துவிடுவார்கள் என்று பயந்து வாழும் மக்களிடம் ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது, இடிக்க வருகிறவர்களுக்கு முகவரிப் பட்டியல் தயார் செய்வது மாதிரி. தெருப்பெயர் போதும். தரவைப் பூட்டி வைக்கும் மறையாக்க வசதி நல்லதுதான், ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிக் கோப்பு தொலைந்தால் பதில்கள் போனது போனதுதான், யாராலும் மீட்க முடியாது. பூட்டிய பதில்களை இணையப் பக்கத்தில் பார்க்கவும் முடியாது. சின்னக் குழுக்களுக்கு இது கஷ்டம்.

அறிக்கைப் பகுதி சுமார். தேர்வு செய்யும் கேள்விகளுக்கு விளக்கப்படம் வந்துவிடும். மக்கள் சொந்த வார்த்தையில் சொன்னதெல்லாம் வெறும் வரிசையாக நிற்கும். அதை அச்செடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, கூட்டத்தில் சத்தமாக வாசிக்கிறோம். எது முக்கியம் என்று அங்கே முடிவாகும். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையிலும் ஆய்வாளர்கள் தெளிவான மொழியில் பேச வேண்டும், படிப்பாளிகளின் நடையில் அல்ல என்று கேட்டிருக்கிறார்கள். எந்தச் செயலியின் விளக்கப்படமும் அந்த வேலையைச் செய்யாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பல்கலைக்கழகமோ தொண்டு நிறுவனமோ "எல்லாம் கோபோவில் பண்ணிக்கலாம்" என்று வந்தால், சரி சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கணக்கு யார் பெயரில் திறக்கப்படும்? வேலை முடிந்ததும் பதில்களை யார் இறக்கி வைத்துக்கொள்வார்கள், யார் அழிப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் படிவத்தைத் திறக்கலாம்.