பிடபிள்யூஎம்மா எம்பிபிடியா? சிங்கப்பூர் வெயிலுக்கு எந்த சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்

கார் போர்ச் கூரையில ரெண்டு பேனல் போட்டு, ஒரு பேட்டரி வச்சு, லைட், ஃபேன், வைஃபை, மீன் தொட்டி பம்ப் இதையெல்லாம் ஓட்டலாம்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குறது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல நின்னு சார்ஜைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலரை எந்த பிராண்ட்ல வாங்குறதுன்னுதான். பிராண்டை அப்புறம் பாக்கலாம். முதல்ல பேனலைத் திருப்பி பின்னாடி இருக்கிற லேபிளைப் பாருங்க, விஎம்பி (Vmp), விஓசின்னு (Voc) ரெண்டு நம்பர் இருக்கும். விஎம்பி பேனல் நல்லா வேலை செய்யுறப்ப வர்ற வோல்ட், விஓசி ஒண்ணும் மாட்டாம சும்மா இருக்கிறப்ப வர்ற வோல்ட். மீதி முடிவெல்லாம் இந்த ரெண்டு நம்பர்லேர்ந்துதான் வருது.

இது தரைவீட்டுக்காரங்களுக்கு மட்டும். வீவக (எச்டிபி) அடுக்குமாடி வீட்டுல கூரை நம்ம கையில இல்ல, ஜன்னலுக்கு வெளிய பேனலைக் கட்டித் தொங்க விட்டா கீழ நடந்து போறவங்க உயிருக்கே ஆபத்து, தயவுசெஞ்சு வேண்டாம்.

கன்ட்ரோலர்ல பிடபிள்யூஎம் (PWM), எம்பிபிடின்னு (MPPT) ரெண்டு வகை. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் உள்ள பெரிசா ஒண்ணும் பண்ணாது, பேனலை நேரா பேட்டரியோட சேர்த்துவிட்டு, பேட்டரி நிறைய நிறைய சுவிட்ச் மாதிரி வெட்டி வெட்டி விடும், அதனால பேனலும் பேட்டரி வோல்டேஜுக்கே இறங்கி வந்துடும். எம்பிபிடி அப்படி இல்ல, பேனலை அதோட நல்ல வோல்டேஜ்லயே வச்சுக்கிட்டு, கூடுதல் வோல்ட்டை ஆம்பியரா மாத்தி பேட்டரிக்குக் கொடுக்கும்.

பெட்டியில எம்பிபிடி 30% அதிகம் கொடுக்கும்னு போட்டிருப்பாங்க. 18 வோல்ட் விஎம்பி இருக்கிற பழைய 100 வாட் பேனலை 13.5 வோல்ட்ல சார்ஜ் ஆகுற 12 வோல்ட் பேட்டரியில மாட்டினா அந்தக் கணக்கு வரும், ஆனா அது பேனல் 25 டிகிரியில இருக்கிறப்ப. இங்க மத்தியானம் கூரையில பேனல் 60 டிகிரி வரைக்கும் சூடாகும், சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும், 18 வோல்ட் 15.5 பக்கம் வந்துடும். அப்ப பிடபிள்யூஎம் 75 வாட் கொடுத்தா எம்பிபிடி 82 வாட் கொடுக்கும், அவ்ளோதான். அதுக்காக மூணு நாலு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்ல. 100 வாட் பேனல் ஒண்ணு, 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு, கேட் லைட்டும் ஃபோன் சார்ஜும் மட்டும்னா நல்ல பிடபிள்யூஎம் தாராளமா போதும், இதை நான் தைரியமா சொல்வேன்.

ஆனா இப்ப யாரு 100 வாட் பேனல் வாங்குறா? வீட்டுக் கூரைக்குப் போடுற 410 வாட் பேனல்தான் வாட்டுக்குக் கணக்குப் பாத்தா மலிவு, எல்லாரும் அதைத்தான் எடுக்குறாங்க. அதோட விஎம்பி 31 பக்கம், கரண்ட் 13 ஆம்பியர் சொச்சம். அதை பிடபிள்யூஎம் வழியா 12 வோல்ட் பேட்டரியில மாட்டினீங்கன்னா 13 ஆம்பியரை 13.5 வோல்ட்ல பெருக்கிக்கோங்க, 180 வாட்டை ஒட்டித்தான் வரும், மீதிக்கு நீங்க காசு கொடுத்தது வீண். எம்பிபிடின்னா சூட்டுல குறையுறது போக 350 வாட் பக்கம் வரும். இங்க யோசிக்கவே வேணாம், எம்பிபிடிதான்.

24 வோல்ட் பேட்டரின்னா பிடபிள்யூஎம் சரியா வருமேன்னு சிலர் கேக்குறாங்க, 31க்கும் 24க்கும் கிட்டதானே. காகிதத்துல கிட்ட. சூட்டுல அந்த 31 வந்து 27ல நிக்கும், லித்தியம் பேட்டரி முழுசா நிறையணும்னா 28 வோல்ட்டுக்கு மேல வேணும், அதனால தினம் கொஞ்சம் குறையாவே நின்னுடும். இதே காரணத்தால எம்பிபிடி வாங்கினாலும் 24 வோல்ட்டுக்கு பேனலை பேரலலா (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து) மாட்டாதீங்க. விக்ட்ரான்ங்கிற பிராண்ட் மாடல்கள் சார்ஜ் ஆரம்பிக்கவே பேட்டரியை விட 5 வோல்ட் கூட கேக்கும். ரெண்டையும் சீரிஸ்ல (ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ல சேர்த்து) போடுங்க, சூட்டுலயும் 54 வோல்ட் இருக்கும். சிராங்கூன் கார்டன்ல என் மாமா வீட்டுல சாயங்காலம் பக்கத்து வீட்டு நிழல் ஒரு பேனல்ல பாதிக்கு விழும், சீரிஸ்ல இருக்கிறதால குறைஞ்சாலும் சார்ஜ் நிக்கிறதில்ல.

சரி, எம்பிபிடிக்குள்ள எது? விக்ட்ரான்ல 100/30ன்னு போட்டிருந்தா 100 வோல்ட் வரைக்கும் பேனல் மாட்டலாம், 30 ஆம்பியர் வரைக்கும் பேட்டரிக்குக் கொடுக்கும்னு அர்த்தம். ஆம்பியர் கூடினா அது தானா மட்டுப்படுத்திக்கும், வோல்ட் கூடினா எரிஞ்சே போயிடும், அதனால வோல்ட் கணக்குலதான் கவனம் வேணும். 410 வாட் பேனல் விஓசி 37 பக்கம், ரெண்டு சேர்ந்தா 74, பிரச்சனை இல்ல, மூணு சேர்ந்தா 111, போச்சு. குளிர் நாட்டுக்காரங்க குளிர்ல விஓசி ஏறும்னு நிறைய இடம் விடுவாங்க, இங்க ராத்திரியில கூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம், அந்தப் பயம் நமக்கு ரொம்ப இல்ல.

விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார்ல புளூடூத் உள்ளயே இருக்கு, ஃபோன்லயே செட்டிங், தினசரி கணக்கு எல்லாம் பாத்துக்கலாம், வாரண்டி 5 வருஷம், ஆனா விலை கை கடிக்கும். ஈபெவர் டிரேசர் சீனத் தயாரிப்பு, அதுவும் உண்மையான எம்பிபிடிதான், விலை கம்மி, திரை உள்ளயே இருக்கு, ஃபோன்ல பாக்கணும்னா தனியா அடாப்டர் வாங்கணும். ஒரு தடவை செட் பண்ணிட்டு மறந்துடுற ஆளுன்னா ஈபெவரே போதும். லித்தியம் பேட்டரி வச்சு தினம் கணக்குப் பாக்கிற ஆளுக்கு நான் விக்ட்ரானைத்தான் சொல்வேன், ஏன்னா லித்தியத்துக்கு ஈக்வலைஸ் (வோல்டேஜைக் கூட்டி செல்களைச் சமன்படுத்துறது) நிறுத்தணும், வெப்பத் திருத்தம் (சூட்டுக்குத் தக்கபடி சார்ஜ் வோல்ட்டை மாத்துறது) பூஜ்யம் வைக்கணும், இதையெல்லாம் ஃபோன்ல கண்ணால பாத்து மாத்துறது மன நிம்மதி.

ஆன்லைன்ல இருபது முப்பது வெள்ளிக்கு எம்பிபிடின்னு எழுதி ஒரு சின்னப் பெட்டி வரும், அதைத் தொடாதீங்க. கையில தூக்குனாலே தெரியும், எடையே இருக்காது, வோல்ட்டை மாத்துறதுக்கு வேண்டிய காயில் (கம்பிச்சுருள்) உள்ள இல்ல. சந்தேகம்னா நல்ல வெயில்ல, பேட்டரி நிறையாம இருக்கிறப்ப பேனல் பக்க ஆம்பியரையும் பேட்டரி பக்க ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டர்ல (வயரைச் சுத்திக் கவ்வி கரண்ட் அளக்குற மீட்டர்) அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா அது பிடபிள்யூஎம்.

பேட்டரி கரண்ட்டை வீட்டு 230 வோல்ட்டா மாத்துற ஆல் இன் ஒன் ஹைபிரிட் இன்வெர்ட்டர் முழு வீட்டுக்கும்னா நல்லதுதான், எம்பிபிடி அதுக்குள்ளயே இருக்கும். ஆனா வீட்டு 230 வோல்ட் வயரிங்கைத் தொட்டா உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்யணும், அதோட சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே கொஞ்சம் கரண்ட் தின்னும், ரெண்டு பேனலுக்கு அது அதிகம்.

எதை வாங்கினாலும் ஸ்டோர் ரூம் அலமாரிக்குள்ள அடைக்காதீங்க, விக்ட்ரான் 40 டிகிரி வரைக்கும்தான் முழு ஆம்பியர் கொடுக்கும், மேலயும் கீழயும் காத்துப் போக இடம் வேணும். மாட்டுறப்ப முதல்ல பேட்டரி, பிறகு செட்டிங், கடைசியா பேனல். கழட்டுறப்ப முதல்ல பேனல்.