பதினான்கு பேருக்கும் 212: என் 38,500 ரூபாய் போன கதை

குப்பத்தில் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் சின்னப் பட்டறை என்னுடையது. ஆட்கள் பதினான்கு பேர். மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று அளந்து தருவதாகச் சொன்ன ஒரு பாதுகாப்புக் கருவிக் கடைக்காரரிடம் 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். யாரும் இப்படி மாட்டக்கூடாது என்று, நான் கற்றதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் விட்டு அறுத்தாலும் ஓரம் தேய்க்கும்போது பறப்பது காய்ந்த தூசிதான். அதில் சிலிக்கா இருக்கிறது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது. என் சித்தப்பா அதில்தான் போனார். கடைக்காரர் வந்த அன்று மிஷின் மேல் விரலை இழுத்துக் காட்டினார். "அண்ணா, விரலில் ஒட்டுகிற இது ஆளைக் கொல்லாது. கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போகும்" என்றார். சித்தப்பாவைப் பார்த்த டாக்டரும் இதையேதான் சொன்னார். அந்த இடத்தில் விழுந்துவிட்டேன். மாஸ்க் 750, சோதனை 2,000, தலைக்கு 2,750. பேரம்கூடப் பேசவில்லை.

சோதனை நாளில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கன்னத்தருகே ஒரு நிமிடம் பிடித்தார், அடுத்த ஆள். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மாதத் தாடியோடு இருந்த சாமிக்கும் கருவி காட்டிய எண் 212. எல்லோருக்கும் 212. முத்திரை வைத்த சான்றிதழ் வேறு.

இந்தத் திங்கட்கிழமை கல் வாங்கும் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சான்றிதழைப் பார்த்துவிட்டு, "குழாயை எங்கே விட்டார்கள்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மாஸ்க்குக்கு வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை துகள் என்று எண்ணி, வெளியை உள்ளால் வகுப்பதுதான் அந்த எண்ணாம். வெளியே 10,000, உள்ளே 100 என்றால் 100. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக மாஸ்க்குக்கு அதுதான் குறைந்தபட்சம். உள்ளே குழாயே போகாமல் உள்ளே இருப்பதை எப்படி எண்ணினார்கள்?

பிறகு அவரே மூன்று பேருக்குத் தலையில் உறை மாட்டி, சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைக் கரைத்துத் தெளித்துப் பார்த்தார். தலையை ஆட்டவும், குனியவும், பேசவும் சொன்னார். உள்ளே இனித்தால் ஒழுகுகிறது என்று பொருள். இரண்டு பேருக்கு இனித்தது. சாமி "சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "எஞ்சினியரிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா." மறுநாள், "மிஷின் வாடகைக்கு எடுத்தது அண்ணா, அவர்களைத்தான் கேட்க வேண்டும்." நேற்று, "உங்கள் ஆட்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே." இன்று காலையிலிருந்து மணி மட்டும் அடிக்கிறது. 38,500 ரூபாய், என் ஒரு மாதக் கரண்ட் பில்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. மாஸ்க்குக்குள் குழாய் போகாத மிஷின் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டி நிற்காது; தாடியோடு இருப்பவருக்கும் சான்றிதழ் தர ஒப்புக்கொள்ளும் கடைக்காரரை அப்போதே அனுப்பிவிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு.