காட்டுநாய் கணக்கெடுக்கப் போகலாமா?

பேரணாம்பட்டு பக்கம் யானை வந்து வாழைத்தோப்பை மிதித்துவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்துக்குத் தன்னார்வலராகப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, வேலை கற்க. நன்றாகவே கற்றுத்தந்தார்கள்.

விடியுமுன் ஜீப் கிளம்பிவிடும். ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஆப்பிரிக்கக் காட்டுநாயின் சிக்னலை ஆன்டெனாவைச் சுழற்றிச் சுழற்றிப் பிடிப்போம். சத்தம் எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். ஒரு நாயின் உடம்புத் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டால் எது எதுவென்று சொல்லிவிடலாம். மத்தியானம், ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கி கேமராவின் படங்களைப் பிரிக்கும் வேலை. பாதிக்குமேல் காற்றில் ஆடும் புல்தான், அதையும் பார்த்தே ஆகவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வேலைதான்.

அழிய இருந்த தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்ததும் அந்த வட்டாரத்தில்தான், 1895இல் காப்பகமாக்கிய ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசியில்.

குறை ஒன்று உண்டு. தன்னார்வலர் கட்டும் கட்டணத்தில் ஆய்வுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன், கணக்கு வரவில்லை. பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று அழைக்கும் இடங்களுக்கு மட்டும் போகவே போகாதீர்கள். அந்தக் குட்டி காட்டுக்குத் திரும்பாது; வளர்ந்தபின் பல வேலிக்குள் நடக்கும் வேட்டைக்கு விற்கப்படுகின்றன. சைவக்காரர்கள் புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். மலேரியா மாத்திரை பற்றி வேலூரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.