மலையில் முதல் வேலை: யாரிடம் தொழில் கற்பது? நீலகிரி சிவில் பொறியாளருக்கு நான்கு வழிகள்

சிவில் முடித்துவிட்டு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முதல் வேலைக்குச் சேருபவருக்கு, கல்லூரியில் படித்தது பாதிதான் கைகொடுக்கும். மீதியை யாராவது கூட நின்று சொல்லித்தர வேண்டும். இங்கே கிடைக்கக்கூடியவர்கள் நான்கு வகை: ஆபீஸிலேயே இருக்கும் மேலதிகாரி, அரசுத் துறையில் ஓய்வுபெற்று இங்கேயே குடியிருக்கும் பொறியாளர், கோவையில் இருக்கும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட், ஆன்லைனில் பேசக் கிடைப்பவர். பெரும்பாலும் பதவியைப் பார்த்துத்தான் தேடுகிறார்கள். அரைகுறையாகப் போட்ட கணக்கை யார் முன்னால் கூச்சமில்லாமல் நீட்டலாம் என்று பார்த்துத் தேடுவது மேல்.

அப்படிப் பார்த்தால் மேலதிகாரி முதலிலேயே அடிபட்டுவிடுகிறார். அவர் கெட்டவர் என்பதல்ல. உங்கள் சம்பள உயர்வையும் வேலை நிரந்தரத்தையும் முடிவு செய்பவர் அவர். அதனால் அவரிடம் முடித்த வேலையைத்தான் காட்டுவீர்கள், தடுமாறும் வேலையை மறைப்பீர்கள். ஆனால் பேப்பர் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) எழுதும் முறை, மண் தோண்டும் அயிட்டத்தைச் சாதா மண், கெட்டி மண், பாறை என்று எஸ்டிமேட்டில் பிரிக்கும் கணக்கு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் ஃபைல் எந்த மேசையில் எதற்காக நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதைக் கேட்டால் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். தயங்காமல் கேளுங்கள்.

மலையில் கட்டடம் கட்டுவதைவிடத் தண்ணீரை வழியனுப்புவதுதான் பெரிய வேலை. அதில் ஓய்வுபெற்ற பொறியாளரை மிஞ்ச ஆள் கிடையாது. பொதுப்பணி, நெடுஞ்சாலை, மின்வாரியம் என்று மூன்று துறைக்காரர்களும் மலையில் இருக்கிறார்கள். ஒருவரை அணுகும் முன் அவர் எந்தச் சரிவில் வேலை பார்த்தவர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கில். 2009 நவம்பர் நிலச்சரிவின்போது குன்னூர் பக்கம் வேலையில் இருந்தவர் சொல்வதும், காலமெல்லாம் கூடலூரில் இருந்தவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

"எனக்கு வழிகாட்டியாக இருங்கள் சார்" என்று போய் நிற்காதீர்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கே தெரியாது. மண் சரியாமல் தாங்கும் ஒரே ஒரு தடுப்புச்சுவரின் ட்ராயிங்கை ஏ3 தாளில் அச்செடுத்து, ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். பத்து நாளில் அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை போகாதவர்களால்தான் இந்த உறவு பெரும்பாலும் அறுந்துபோகிறது. பணம் நீட்டினால் பெரும்பாலானவர்கள் வாங்க மாட்டார்கள். ஏதாவது ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்பவரும் குறைவு.

அவரைச் சைட்டுக்கு அழைத்துப் போனால், சுவரைப் பார்ப்பதற்கு முன் அதற்கு மேலே ஏறிப் போவார். மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கே விழுகிறது, தேயிலைத் தோட்டத்து வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் சுவருக்கு வந்து வீப் ஹோலில், அதாவது பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வைத்த குழாயில், குச்சியை விடுவார். மழை பெய்த மறுநாள் குழாய் வாய் காய்ந்து கிடந்தால், பின்னால் ஜல்லி வடிகட்டி போடாமல் வெட்டியெடுத்த களிமண்ணையே கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவார். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். குச்சியை விட்டுப் பார்க்கும் பழக்கம் ஆளைப் பார்த்துத்தான் வரும்.

அவரிடம் உள்ள குறையும் பெரியது. அவர் பழகிய கோட், அதாவது கட்டுமான விதிநூல், பழசு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் 1978 பதிப்பில் ஆர்.சி.சி.க்கு (கம்பி வைத்த கான்கிரீட்) எம்15 கிரேடு போட்டுப் பழகியவர், 2000 பதிப்பு குறைந்தது அதைவிட வலுவான எம்20 கேட்பதை ஏற்க மனமில்லாமல் "அப்போதெல்லாம் நிற்கவில்லையா?" என்பார். வாதாட வேண்டாம். கம்பி, கிரேடு, நிலநடுக்கக் கணக்கு இவற்றை அவரிடம் கொண்டுபோகாமல் இருந்தாலே போதும்.

அதற்குத்தான் கோவை கன்சல்டன்ட். எண்ணைச் சரிபார்ப்பதில் அவர் கெட்டி. ஓர் உதாரணம்: 3 மீட்டர் உயரச் சுவர், பின்னால் சமதளமாக நிரப்பிய மண், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 டிகிரி. மண் வறண்டிருந்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 27 கிலோநியூட்டன். வடிகால் அடைத்துத் தண்ணீர் உச்சிவரை நின்றால் தண்ணீர் மட்டும் 44, மூழ்கிய மண் ஒரு 14, ஆக 58. இரண்டு மடங்குக்கு மேல். வறண்ட மண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டு அனுப்பினால் அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். மலைப்பகுதித் தடுப்புச்சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 இருப்பதையும் அவர்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்.

அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய், அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அறிமுகமே இல்லையென்றால் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸின் கோவை மையத்தில் நடக்கும் தொழில்நுட்பக் கூட்டத்துக்குப் போய், பேசியவரிடம் கூட்டம் முடிந்ததும் அவர் பேசியதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் கணக்கை மெயிலில் அனுப்பினால் போதும். முப்பது பக்கம் அனுப்பினால் திறக்கவே மாட்டார். சைட்டுக்கு வராதவர் என்பதால் போட்டோ முக்கியம். நேருக்கு நேர் எடுத்த படத்தில் சரிவே தெரியாது. பக்கவாட்டில் நின்று, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஓர் ஆளையோ டேப்பையோ அளவுக்கு நிறுத்தி எடுங்கள்.

ஆன்லைன் வழிகாட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மென்பொருள் கற்க, ரெஸ்யூமே திருத்த, வேறு ஊருக்கு மாறலாமா என்று கேட்க அவர் போதும். பணம் கட்டுவதானால் ஒரு அமர்வுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள், மொத்தப் பேக்கேஜ் வேண்டாம். மண்சரிவு வேலைக்கு அவரை நம்பாதீர்கள்.

கான்ட்ராக்டரிடமும் மேஸ்திரியிடமும் கற்கலாமா என்றால், கல் அடுக்கும் நுணுக்கத்தைத் தாராளமாகக் கற்கலாம். அஸ்திவார ஆழத்தை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். அது அவர்கள் பில்லோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓய்வுபெற்றவர் சொல்வதும் கன்சல்டன்ட் சொல்வதும் முட்டிக்கொள்ளும் நாள் வரும். சுவரின் கனம், கம்பி, கிரேடு என்றால் கணக்குப் போட்டவர் பக்கம் நில்லுங்கள். தண்ணீர் எந்த வழியாக வரும் என்றால் அந்தச் சரிவை மழையில் பார்த்தவர் பக்கம். எதை ஏற்றாலும் வேலை தொடங்கும் முன் மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். ட்ராயிங்கில் கையெழுத்து அவருடையது. மாற்றத்தை அவர் முதன்முதலாகச் சைட்டில் வந்து பார்த்தால், அடுத்த தடவை வெளியாளிடம் கேட்கவே உங்களை விட மாட்டார்.