ஊருக்குப் போன இடத்துல ஓடாமப் போன புது கம்ப்யூட்டர், சிம் லிம்ல பார்த்த வேலை

பெர்த்துக்குக் குடி போய் 11 வருஷம் ஆச்சு. இந்த ஜூன்ல 2 வாரம் லீவு போட்டு சிங்கப்பூர் வந்தேன், தங்கினது ஈசூன்ல அண்ணன் வீட்ல. அண்ணன் பையன் இந்த வருஷம்தான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கான், போன தீபாவளிக்கே அவனுக்கு வாக்கு குடுத்திருந்தேன், அத்தை வந்ததும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கட்டுவோம்னு. வந்து எறங்கின மறுநாள் வெள்ளிக்கிழமை, அன்னைக்கே போய் எல்லா பார்ட்ஸும் வாங்கிட்டோம், கிட்டத்தட்ட 1,800 வெள்ளி, 9% ஜிஎஸ்டி அதுக்குள்ளயே. வெளியூர்ல இருந்து வர்ற நம்மாளுங்க நெறைய பேர் ஏர்போர்ட்ல ஜிஎஸ்டிய திருப்பி வாங்கிடலாம்னு நெனைக்கிறாங்க, அது டூரிஸ்ட்டுக்கு மட்டும்தான். சிங்கப்பூர் சிட்டிசன், பிஆர் யாருக்கும் கெடையாது, எத்தன வருஷம் வெளிய இருந்தாலும் சரி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில நியூஸ்பேப்பர் விரிச்சு உக்காந்தோம். நான் ஆஃபிஸ்ல பாக்குற வேலையும் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதுதான், வீட்டுக்குன்னு 3 மெஷின் கட்டியிருக்கேன், அதனால பயம் இல்ல. எல்லாத்தையும் மாட்டுற மதர்போர்டு (சுருக்கமா போர்டு), கம்ப்யூட்டரோட மூளையான சிபியு, அதுக்கு நினைவகமான ரேம் 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு, சிபியு சூட்ட எறக்க ஃபேன் வச்ச ஒரு நல்ல வெயிட்டான ஏர் கூலர், பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு, கண்ணாடி வச்ச கேஸ். ராத்திரி ஒரு மணிக்கு ஸ்கிரீன்ல எழுத்து வந்தப்ப பையன் சத்தம் போட்டு அண்ணனையே எழுப்பி விட்டுட்டான். ஞாயித்துக்கிழமைல இருந்து வியாழக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு.

வியாழக்கிழமை சாயந்திரம் அண்ணி மறுநாள் வெள்ளிக்கிழமைன்னு வீடு கூட்டி மாப் போட்டாங்க. மெஷின் தரையில இருந்துச்சு, அத தூக்கி சோபா பக்கம் வச்சு, தொடச்சு காஞ்சதும் பழைய எடத்துல வச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஏழு மணிக்கு பையன் வந்து பட்டன அமுக்குனா ஃபேன் சுத்துது, கலர் லைட் எல்லாம் எரியுது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. போர்டு ஓரத்துல வரிசையா 4 குட்டி லைட் இருக்கும், சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு பேர் போட்டு (டிராம்னா ரேம், விஜிஏன்னா கிராஃபிக்ஸ்). ஆன் பண்ணினா ஒண்ணொண்ணா எரிஞ்சு அணையணும், எதுல நிக்குதோ அங்கதான் கோளாறு. எங்களுக்கு டிராம்ல போய் நின்னுடுச்சு.

அண்ணி முகம் அப்படியே மாறிப் போச்சு. "தண்ணி எதுவும் படல, நான் நல்லா புழிஞ்சுதான் தொடச்சேன்"னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, யாரும் அவங்கள ஒரு வார்த்தை கேக்கல, இருந்தாலும் அவங்களுக்கு மனசு ஆறல. பையனும் சின்னப் பையன்தானே, "ஏம்மா தூக்குனீங்க"ன்னு ஒரு தடவ கேட்டுட்டான், அது போதுமே. அன்னைக்கு ராத்திரி அண்ணி சரியா சாப்பிடவே இல்ல. எனக்கு மெஷின விட அதுதான் பெரிய கவலையா இருந்துச்சு.

ராத்திரியே எல்லாத்தையும் பார்த்தோம். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கா, போர்டுல மாட்டிட்டோமான்னு பார்த்தேன் (நெறைய வீட்ல இதுதான் காரணமா இருக்கும்). போர்டோட பெரிய 24 பின், சிபியுக்குப் போற 8 பின், ரெண்டையும் கழட்டி க்ளிக்னு சத்தம் கேக்குற வரைக்கும் அமுக்கி மாட்டினோம். பவர ஆஃப் பண்ணி பிளக்க உருவி, போர்டுல இருக்குற ரூபாய்க் காசு மாதிரியான பேட்டரிய கழட்டி 10 நிமிஷம் வெளிய வச்சோம், ரேம வேகமா ஓட விட நாங்க பயாஸ்ல, அதாவது போர்டோட செட்டிங் பக்கத்துல, போட்டிருந்த செட்டிங் எல்லாம் அழிஞ்சு பழைய நெலைக்குப் போகட்டும்னு. ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டிட்டு, மேனுவல் சொன்னபடி ஒண்ணு மட்டும் ஏ2 ஸ்லாட்ல, அதாவது சிபியு பக்கத்துல இருந்து ரெண்டாவதுல, போட்டு பார்த்தோம், டிராம். அத எடுத்துட்டு இன்னொண்ணு போட்டா அதுவும் டிராம். ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பார்த்து 10 நிமிஷம் காத்திருந்தோம், ஏன்னா டிடிஆர்5ங்கிற இந்த வகை ரேம், செட்டிங் அழிஞ்சதும் மொதல்ல தன்னையே பழக்கிக்கும், அதுக்கு சில நிமிஷம் ஸ்கிரீன் கருப்பாவே இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணினா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க இதே வேலை. ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல கெட்டுப் போக வாய்ப்பு கம்மி, அதனால போர்டுதான் போச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். தப்பு பண்ணினது அங்கதான், கடைசில சொல்றேன்.

சனிக்கிழமை காலையில வாங்கின கடைக்கே மெஷின தூக்கிட்டுப் போனோம். பில்ல பார்த்தாரு, "7 நாள்ல வந்திருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்திருப்போம், இன்னைக்கு 8வது நாள்"னாரு. ரெண்டு ரேமும் எடுக்கலைன்னு நான் சொன்னதும், அப்ப போர்டுதான், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பணும், ரெண்டுல இருந்து மூணு வாரம் ஆகும்னுட்டாரு. கேஸோட மூடிய தெறந்து கூட பாக்கல. நான் போறதுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. வாரண்டிய ஆன்லைன்ல பதியுங்கன்னாரு, பதியப் போனா ஓடிபி லோக்கல் நம்பருக்குத்தான் வருமாம், என்னோட பழைய சிங்கப்பூர் நம்பர் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. வெளியூர்ல இருந்து வர்றவங்க எதாவது பெரிய பொருள் வாங்கினா பில்ல இங்க இருக்குற சொந்தக்காரங்க பேர்லயும் நம்பர்லயும் போடச் சொல்லுங்க, இத நான் அனுபவிச்சு சொல்றேன்.

எனக்கு கோவம் வந்துடுச்சு. இங்க 2012 செப்டம்பர்ல இருந்து லெமன் லான்னு ஒண்ணு இருக்கு. வாங்கின 6 மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்த கோளாறுன்னுதான் எடுத்துக்கணும், இல்லைன்னு காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. நியாயமான காலத்துக்குள்ள ரிப்பேர் பண்ணியோ மாத்தியோ தரணும், அது முடியலைன்னா வெலைய கொறைக்கணும், இல்ல காசத் திருப்பித் தரணும். 7 நாள்ங்கிறது கடையோட சொந்த விதி, சட்டம் அதுக்கு மேல. 20,000 வெள்ளி வரைக்குமான வழக்க வக்கீல் இல்லாமலே ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ல போடலாம். இதெல்லாம் நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன், அவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு, சரி திங்கக்கிழமை மேனேஜர்ட்ட பேசுறேன்னாரு. அப்ப பையன் என் கைய புடிச்சு, "அத்தை, மொதல்ல வேற யார்ட்டயாவது காட்டுவோம்"னான்.

அங்க இருந்து நேரா கிராப் புடிச்சு சிம் லிம் ஸ்குவேர். நான் ஸ்கூல் படிச்சப்ப ஃப்ளாப்பி டிஸ்க் வாங்க அப்பா கூட்டிட்டு வந்த அதே பில்டிங், பென்கூலன் ஸ்திரீட் முனை, இப்ப ரோச்சோர் எம்ஆர்டி வாசல் பக்கத்துலயே இருக்கு. முன்ன மாதிரி கூட்டம் இல்ல, மேல் மாடியில சில கடை பூட்டியே கெடக்கு, ஆனா ரிப்பேர் பாக்குற சின்னச் சின்ன கடைங்க இன்னும் இருக்கு. அதுல ஒண்ணுல நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தர், முப்பது வயசு இருக்கும், ஜோகூர்ல இருந்து தெனமும் பாலம் தாண்டி வர்றவராம். "என்னக்கா பிரச்சனை"ன்னாரு. நான் போர்டு போச்சு தம்பின்னு ஆரம்பிச்சேன். "அத விடுங்கக்கா, என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க"ன்னாரு. மாப் போட்டது, தூக்கினது, எல்லாம் சொன்னேன். எங்க வச்சு எங்க தூக்கினாங்கன்னு கூட கேட்டாரு.

மெஷின படுக்கப் போட்டாரு. ஒரே ஒரு ஸ்டிக்க எடுத்து, ஏ2ல இல்ல, பி2ல, நாலாவது ஸ்லாட்ல போட்டு ஆன் பண்ணிட்டு கைய கட்டிக்கிட்டு நின்னாரு. மூணு நிமிஷம் இருக்கும், ஸ்கிரீன் வந்துடுச்சு! அத எடுத்துட்டு இன்னொரு ஸ்டிக்க அதே ஸ்லாட்ல போட்டாரு, அதுவும் வந்துச்சு. ஏ2ல எது போட்டாலும் டிராம். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. மேனுவல்ல ஏ2ன்னு போட்டிருந்ததால ரெண்டு நாளா நான் பி2 பக்கமே போகல. "ரேம் ரெண்டும் நல்லாருக்கு, போர்டும் பாதி பேசுது"ன்னாரு, "ஏ பக்கத்து கம்பி எல்லாம் சிபியுக்குத்தான் போகுது, அங்க எங்கயோ தொடல."

அப்புறம் அவரு பண்ணினத நான் இன்னும் மறக்கல. கூலர்ல இருந்த ஃபேன கழட்டிட்டு, நீள ஸ்குரூட்ரைவர பையன் கையில குடுத்து "நீயே கழட்டு"ன்னாரு. கூலருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ. ஒரு பக்கம் ரெண்டு சுத்துல லேசா வந்துடுச்சு. மறுபக்கம் பையன் பல்ல கடிச்சுக்கிட்டு திருப்ப வேண்டியிருந்துச்சு. கூலர தூக்கி அடிப்பக்கத்த திருப்பிக் காட்டினாரு. சிபியு சூட்ட கூலருக்குக் கடத்த நடுவுல தடவுற பேஸ்ட்டு ஒரு ஓரத்துல கண்ணாடி மாதிரி மெல்லிசா, கீழ இருக்குற உலோகமே தெரியுது, எதிர் ஓரத்துல தோசை மாவு மாதிரி தடியா அப்படியே நிக்குது. யாரும் ஒண்ணும் சொல்லாமலே எனக்குப் புரிஞ்சுடுச்சு, சனிக்கிழமை ராத்திரி அந்த ஸ்குரூவ முடுக்கினது நான், ஒரு பக்கத்த முழுசா முடிச்சுட்டுத்தான் மறுபக்கம் போனேன்.

"இப்ப வர்ற சிபியுக்கு அடியில கால் கெடையாதுக்கா, பின்னெல்லாம் போர்டு சாக்கெட்ல இருக்கு, ஆயிரத்துக்கும் மேல, ஒவ்வொண்ணும் ஸ்பிரிங் மாதிரி. மேல இருந்து ஒரு பக்கம் மட்டும் அமுக்கினா மறுபக்கம் மயிரிழை தூக்கிக்கும். மொதல்ல தொட்டும் தொடாமலும் ஓடியிருக்கு. இவ்வளவு வெயிட் கூலர், தூக்கி வச்சப்ப ஆடியிருக்கும், தொடுறது விட்டுப் போச்சு"ன்னாரு. சிபியுவ எடுத்து, நகைக்கடைல வச்சுப் பாப்பாங்களே அந்த லென்ஸ கண்ணுல வச்சு, ஃபோன் லைட்ட சாய்ச்சு புடிச்சு சாக்கெட்ட பார்த்தாரு. பின் வளைஞ்சிருந்தா அந்த எடத்துல மினுமினுப்பு மாறித் தெரியுமாம். பையனையும் பார்க்கச் சொன்னாரு. ஒரு பின்னும் வளையல. பழைய பேஸ்ட்ட தொடச்சு, புதுசு நடுவுல வச்சு, கூலர எறக்கி, இங்க ரெண்டு சுத்து அங்க ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி முடுக்கச் சொன்னாரு, அதுவா நிக்கிற எடத்துல நிறுத்து, அதுக்கு மேல பலம் போடாதன்னாரு.

ரெண்டு ஸ்டிக்கையும் ஏ2லயும் பி2லயும் போட்டு ஆன் பண்ணினாங்க. டிராம் லைட் எரியுது. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். பையன் கை தன்னால பட்டன் பக்கம் போச்சு, "தொடாத, அது படிச்சுக்கிட்டு இருக்கு"ன்னு மெதுவா தட்டி விட்டாரு. நாலாவது நிமிஷம் லைட் அணைஞ்சு ஸ்கிரீன்ல 32 ஜிபின்னு வந்துச்சு. அதோட விடல, ரேம சோதிக்கிற புரோகிராம ஒரு மணி நேரம் ஓட விடுறேன், போய் சாப்பிட்டு வாங்கன்னாரு. தேக்கா வரைக்கும் நடந்து போய் பிரியாணி சாப்பிட்டு வந்தோம், ஒரு எர்ரரும் இல்ல. 40 வெள்ளி வாங்கினாரு, வேலைய பார்த்தா எனக்கு அது கம்மியாத்தான் பட்டுச்சு, கூடக் குடுத்தா வாங்கல. "கண்ணாடி மேல பார்த்த மாதிரி படுக்க வச்சு கொண்டு போங்க, நிக்க வச்சா வண்டி குலுங்குறப்ப கூலர் தொங்கும், பெர்த்துல உங்க மெஷினையும் அப்படியே பண்ணுங்கக்கா"ன்னு அனுப்பி வச்சாரு.

வாங்கின கடைய பத்தி நியாயமா ஒண்ணு சொல்லணும். அவங்க வித்த பொருள்ல கோளாறு இல்ல, கோளாறு என் கையில. நான் படிச்சுக் காட்டின சட்டம் இந்த விஷயத்துல எனக்கு நின்னிருக்காது, திங்கக்கிழமை ஃபோன் பண்ணி அவர்ட்ட அத சொல்லிட்டேன். ஆனா தெறந்து கூட பாக்காம 3 வாரத்துக்கு அனுப்பச் சொன்னது தப்புதான், அதையும் சொன்னேன். நல்ல போர்டு ஒண்ணு சும்மா போய் சும்மா வந்திருக்கும், மாத்தித் தந்திருந்தாலும் நான் திரும்ப அதே மாதிரிதான் முடுக்கியிருப்பேன், திரும்ப நின்னிருக்கும், அப்ப திரும்ப அண்ணிதான் குத்தவாளி மாதிரி நின்னிருப்பாங்க.

கிராப்லயே பையன் வீட்டுக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுச்சு. "அம்மா, சரியாயிடுச்சு. தண்ணி இல்லம்மா, நீங்க இல்ல, ஸ்குரூ சரியா முடுக்கல. நான்தான் உங்கள கேட்டிருக்கக் கூடாது." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சாப்டீங்களா ரெண்டு பேரும்"னு கேட்டாங்க.

வீட்டுக்குப் போனா மெஷின் வைக்கிற எடத்துல பாட்டி காலத்து மணை ஒண்ண போட்டு வச்சிருந்தாங்க, பரண்ல இருந்து எடுத்து கழுவி காய வச்சு. இனிமே மாப் போட தூக்க வேணாம் பாருன்னாங்க. அளந்து செஞ்ச மாதிரி கேஸ் அதுல உக்காந்துச்சு.